காதா, கண்ணா: தோட்டத்துச் சிங்கள வகுப்பை எங்கே தொடங்குவது?

சிங்களம் படிக்க வந்தவரின் கொப்பியைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே "மட" என்று இருக்கும். "எனக்கு" என்பதற்கான சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படித்தான் குறித்துக்கொள்வார்கள். பத்துப் பக்கம் தள்ளி இன்னொரு "மட" இருக்கும். அது சேறு. முதலாவதில் வரும் ட, "பாட்டு" என்பதில் வருவதைப் போல அழுத்தமானது. இரண்டாவது, "மாடு" என்பதில் வருவது. சிங்களத்தில் இவை இரண்டு வேறு எழுத்து, இரண்டு வேறு சொல். நம் எழுத்தில் ஒன்றேதான். கொப்பியைப் பார்த்துப் பாடமாக்கியவர் ஆஸ்பத்திரியில் போய் "மட உண" என்பார். "எனக்குக் காய்ச்சல்" என்று சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டிருக்க, கேட்டவர் காதில் சேறும் காய்ச்சலும் விழுந்திருக்கும்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டாம் மொழி வகுப்பு தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நான்கில் எதை முன்னுக்கு வைப்பது என்பதைத்தான். அந்தத் தெரிவுகளைக் கீழே ஒப்பிட்டிருக்கிறோம். ஆனால் எங்கள் கணிப்பில் அந்தக் கேள்வியைவிடப் பெரிது, தமிழ் எழுத்தில் சிங்களம் எழுதும் பழக்கத்தை எத்தனையாவது வாரத்தில் நிறுத்துகிறோம் என்பது. வகுப்பின் அளவை இப்படி வைத்துக்கொள்வோம்: கோயில் மண்டபம் அல்லது பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்), ஞாயிறு பின்னேரம் 2 மணித்தியாலம், 15 பேர், 24 வாரம். மொத்தம் 48 மணித்தியாலம். கொழுந்து எடுத்துவிட்டு வந்து சமையலும் பார்க்கிறவர்களிடம் இதற்குமேல் நேரம் எதிர்பார்க்க முடியாது.

அரிச்சுவடியில் தொடங்கும் வழி

பள்ளிக்கூடம் பழக்கிய வழி இது. எழுத்து, பிறகு சொல், பிறகு வசனம், கடைசியில் நேரம் மிஞ்சினால் பேச்சு. இதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு எழுத்து முறையும் பிராமியிலிருந்து வந்தவை என்பதால் அமைப்பு ஒன்றுதான்: உயிரெழுத்து தனி, மெய்க்குப் பக்கத்தில் குறி. எ, ஏ ஒலிக்கு இடப்பக்கம் போடும் குறியை நாம் கொம்பு என்கிறோம், அவர்கள் கொம்புவ என்கிறார்கள். நமக்குப் புள்ளி எப்படியோ அப்படி அவர்களுக்கும் மெய்யைக் காட்ட ஒரு அடையாளம் உண்டு, எழுத்துக்கு ஏற்ப அது இரண்டு உருவத்தில் வரும். கு, சு, நு என்று எழுத்துக்கு எழுத்து உகரக்குறி மாறும் மொழியை எழுதிப் பழகிய கைக்கு அது பாரமே இல்லை.

வடமொழிச் சொற்களுக்கான எழுத்தையும் சேர்த்த கலப்பு அரிச்சுவடியில் 60 எழுத்து இருந்தாலும், அன்றாடத் தேவைக்கு 12 உயிரும் 20 மெய்யும் போதும். வாரத்துக்கு ஐந்து என்று எடுத்தால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். வ-வும் ச-வும் ஏறக்குறைய ஒரே உருவம் என்பதால் அவற்றை ஒரே நாளில் கற்பிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம் இருக்கட்டும்.

கோளாறு வருவது எழுத்தில் அல்ல, எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மொழியில். சிங்களத்தில் எழுதும் மொழியும் பேசும் மொழியும் வேறு. நம்மிலும் அப்படித்தான், ஆனால் அங்கே வினை அடியோடு மாறுகிறது. எழுத்தில் மம யமி, ஒஹு யயி, ஒவுஹு யதி: நான் போகிறேன், அவன் போகிறான், அவர்கள் போகிறார்கள். பேச்சில் மம யனவா, எயா யனவா, எயாலா யனவா. ஆள் யாராக இருந்தாலும் யனவா ஒன்றுதான். தமிழ்ப் பேச்சைவிடச் சுலபமான இடம் இது. பாடப்புத்தகத்தில் தொடங்கினால் அந்தச் சுலபத்தைக் கைவிட்டு, கடைக்காரரிடம் செய்தி வாசிக்கிறவர்போலப் பேசக் கற்றுக்கொடுக்கிறோம். தமிழ் படித்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறி "யான் அட்டன் செல்ல விழைகிறேன்" என்றால் எப்படியோ, அப்படி.

இன்னொன்று, ண-ன வேறுபாடும் ல-ள வேறுபாடும் சிங்கள எழுத்தில் உண்டு, இன்றைய பேச்சில் இல்லை. தமிழ்க் காது அந்த வேறுபாட்டைத் தேடும், கிடைக்காது. அதனால் சொல்வதெழுதல் வைத்தால் கெட்டிக்காரர்கூட இந்த நான்கு எழுத்திலும் தடுமாறுவார். அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். இவற்றைக் கண்ணால் மட்டுமே பாடமாக்க முடியும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? பரீட்சைக்காரர்களுக்கு. 2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கான பரீட்சையில் எழுத்துத் தாளும் வாய்மொழியும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் முதல் நாளே எழுத்தைப் பிடிக்கட்டும். மற்றவர்களுக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம்.

காதில் தொடங்கும் வழி

சிங்களத்தின் வசன ஒழுங்கு நம்முடையதே. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. "எனக்குப் பசிக்குது" என்பதில் "எனக்கு" வரும் இடத்தில்தான் அங்கும் வரும். அக்கா, அம்மா, மாமா இருக்கிறார்கள். கடை, கடே ஆகியிருக்கிறது, காசுக்குச் சல்லி. ஆகவே வாயைத் திறப்பதற்கு எழுத்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 30 சொல் தெரிந்தால் வசனம் வந்துவிடும். ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது.

ஆனால் வாய்க்கு முன் காது. முதல் இரண்டு வாரம் ஒலிவேறுபாட்டுக்கே ஒதுக்க வேண்டும். தமிழ்ச் சொற்களின் முதலில் வரும் க, த, ப அதிர்வில்லாத வல்லொலி என்பதால் நம் காது அங்கே அதிர்வைத் தேடுவதே இல்லை. இதற்குப் புது விளக்கம் ஒன்றும் வேண்டாம். மலையகத்தில் எல்லோர் வாயிலும் ஏற்கனவே இருக்கும் ஒரு சொல் போதும்: கேஸ். அடுப்புக்கு வாங்கும் கேஸ், பொலிஸில் போடும் கேஸ். எழுத்தில் ஒன்று, வாயில் இரண்டு. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லச் சொன்னால் அடுப்புக் கேஸில் தொடக்கத்திலேயே அதிர்வு தெரியும், பொலிஸ் கேஸில் தெரியாது. இதைப்போல பஸ்ஸில் வரும் ப, பாலில் வரும் ப. டொக்டரின் ட, டிக்கட்டின் ட. வகுப்பில் இந்த இணைகளுக்கே பெயர் வைத்துவிடலாம்: "இது அடுப்புக் க", "இது பொலிஸ் க".

அதன்பின் சிங்கள இணைகள். அடுப்புக் க போட்டால் கல் என்பது கற்கள், பொலிஸ் க போட்டால் காலம். பஸ் ப போட்டால் பத் என்பது சோறு, பால் ப போட்டால் தாள்கள். பார என்பது பால் ப-வில் வீதி, பஸ் ப-வில் பொறுப்பு. எல்லாவற்றிலும் கடினமானது மலைநாட்டுச் சொல்லே: கந்த. ந் ஒலியை முழுதாக அழுத்திச் சொன்னால் மலை. கண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே கந்த உடரட்ட என்பதிலிருந்துதான். ந் ஒலியைத் தொட்டும் தொடாமலும் சொன்னால் மரத்தின் அடித்தண்டு. சிங்களத்தில் அந்த அரைமூக்கொலிக்குத் தனி எழுத்து உண்டு. (இந்தக் கட்டுரையே தமிழ் எழுத்தில் சிங்களம் எழுதிக்கொண்டிருக்கிறது என்பது தெரிகிறது. அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் இத்தனை விளக்கம்.)

பயிற்சி எளிது. ஆசிரியர் வாயை ஒரு கொப்பியால் மறைத்துக்கொண்டு 20 சொல் சொல்வார். அடுப்புக் க என்றால் வலது கை, பொலிஸ் க என்றால் இடது கை. 20க்கு 16 சரியாகும்வரை ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 10 நிமிடம் இதற்கு. உதட்டைப் பார்த்து ஊகிக்க விட்டால் பயிற்சி பழுதாகிவிடும்.

பிறகு கட்டளைகள். 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த முறை இது: கற்பவர் பேசத் தேவையில்லை, சொல்வதைச் செய்தால் போதும். வாடிவென்ன என்றால் உட்காருவது, நெகிட்டின்ன என்றால் எழும்புவது, யன்ன என்றால் போவது, தென்ன என்றால் கொடுப்பது, இன்ன என்றால் இருப்பது. வரச்சொல்வதற்கு "என்ன" என்பார்கள். முதல் நாள் இதற்குச் சிரிக்காத வகுப்பு இல்லை. டொக்டர் "என்ன" என்று கூப்பிட, "ஒண்ணுமில்லீங்க" என்று தமிழில் பதில் சொல்லி நின்ற இடத்திலேயே நிற்க வாய்ப்புண்டு என்பதால் இந்தச் சொல்லை மட்டும் 20 தடவையாவது நடக்கவைத்துப் பழக்குங்கள்.

இந்த வழியின் கோளாறுகள் மூன்று. முதலாவது மரியாதை. காதால் மட்டும் கற்றவர் பஸ் நிலையத்தில் கேட்டதையே பேசுவார். "என்ன" என்பதற்குப் பதில் "வரென்", "யன்ன" என்பதற்குப் பதில் "பலயன்". இவை "வாடா", "போடா" ரகம். கூட்டாளிக்குச் சரி, பிரதேச செயலகத்தில் வில்லங்கம். மஹத்தயா, நோனா, மிஸ் என்ற விளிகளையும் "-ன்ன" முடிவையும் முதல் மாதமே சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, கேள்வி. "எங்கே போறீங்க" என்பதை நம் ஆட்கள் "கொஹேத யனவா" என்பார்கள். கேள்விச் சொல் வந்தால் வினை முடிவு மாறவேண்டும்: கொஹேத யன்னே. இதைப் பேச்சு ஓட்டத்தில் யாரும் திருத்த மாட்டார்கள், அர்த்தம் விளங்கிவிடுமே. அதனாலேயே பத்து வருடம் சிங்களம் பேசுகிறவரிடமும் இந்தப் பிழை அப்படியே இருக்கிறது.

மூன்றாவதுதான் மேலே சொன்ன கொப்பி. எழுத்தைத் தள்ளிப்போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், கற்பவர் தள்ளிப்போட மாட்டார். மறந்துபோகும் என்ற பயத்தில் தமிழில் எழுதிக்கொள்வார். இரண்டு வாரம் கைகளைத் தூக்கிப் பழகிய காதை அந்தக் கொப்பி வீட்டில் வைத்துக் கெடுத்துவிடும். எழுதாதே என்று தடுப்பதும் சரிவராது. எழுத வேறொன்றைக் கொடுத்தால்தான் விடுவார்.

நான்கும் சேர்ந்து ஒவ்வொரு வாரமும்

தாளில் பார்க்க அழகான திட்டம். ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலம். ஆனால் 15 பேரை ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தால் ஒருவருக்குக் கிடைப்பது 2 நிமிடம். இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டால் அதே நேரத்தில் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசலாம். ஆகவே பிழை நான்கையும் சேர்ப்பதில் இல்லை, சமமாகப் பங்கிடுவதில் இருக்கிறது. எழுத்து தெரியாத முதல் மாதத்தில் வாசிப்புக்கு அரை மணித்தியாலம் வெறும் வீண். எழுதுவதற்குத் தேவை குறைவு என்பதால் கடைசி மாதத்திலும் அதற்கு 15 நிமிடத்துக்கு மேல் தேவையில்லை.

எங்கள் தெரிவு

பரீட்சை எழுதாத வகுப்புக்கு: 1 முதல் 4ஆம் வாரம்வரை காதும் வாயும் மட்டும். கொப்பியே கொண்டுவர வேண்டாம். ஞாபகத்துக்கு படக் குறிப்பும், கைப்பேசியில் ஆசிரியரின் குரலும். வாரம் இரண்டு குரல் செய்தி, ஒவ்வொன்றும் 40 வினாடிக்குள். நீளமானால் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. 5ஆம் வாரம் எழுத்து தொடங்குகிறது, 11ஆம் வாரத்தோடு முடிகிறது. அதிலும் ஒரு வகுப்பில் நாற்பது நிமிடத்துக்கு மேல் எழுத்துக்குப் போகக் கூடாது. 12ஆம் வாரத்திலிருந்து ஒரு வாரத்துக்கு ஓர் இடம்: மருந்து வாங்குமிடம், பஸ், தபால் கந்தோர், பொலிஸ், கிராம சேவகர். அந்த இடத்துக்குத் தேவையான அளவு மட்டும் நான்கு திறனும்.

எழுத்தைத் தொடங்க நல்ல புத்தகம் பஸ் பலகை. ஊர்ப் பெயர் ஏற்கனவே தெரிந்தது, கூடவே தமிழிலும் இருக்கும். பதுளைக்குப் பதுல்ல, மாத்தளைக்கு மாத்தலே என்று ஒலி கொஞ்சம் விலகும் இடங்களில்தான் கண் எழுத்தைக் கவனிக்கும். கண்டி என்று சிங்களப் பலகையில் தேடினால் கிடைக்காது, மஹநுவர என்றுதான் இருக்கும். ஐந்து பலகைகளைப் படமெடுத்து வரச்சொன்னால் அடுத்த வாரப் பாடம் தயார்.

ஓர் இடத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்: மருந்து வாங்குமிடம்.

முதல் 35 நிமிடம் கேட்டல். ஆளுக்கொரு அட்டை, அதில் சூரியன் உதிப்பது, உச்சி வெயில், நிலா என்று மூன்று கட்டம், பக்கத்தில் ஒரு சோற்றுக் கோப்பை. கையில் பத்துப் புளியங்கொட்டை, அவைதான் மாத்திரை. ஆசிரியர் சொல்வார்: "உதேட்ட தெக்கய், ரேட்ட எக்கய்." காலைக்கு இரண்டு, இரவுக்கு ஒன்று. கொட்டைகள் கட்டத்துக்குப் போகவேண்டும். "தவஸட்ட துன் பாரய்", நாளுக்கு மூன்று தடவை. "கேமட்ட பஸ்ஸே", சாப்பிட்ட பிறகு. "கேமட்ட கலின்", சாப்பிட முன். முதலில் மெதுவாக, மூன்றாம் சுற்றில் கவுண்டரில் சொல்லும் வேகத்தில். யார் அட்டையில் என்ன பிழை என்று கேட்காமலே தெரியும், அதுதான் புளியங்கொட்டையின் பலன். பிழை பெரும்பாலும் எண்ணிக்கையில் வராது, கலின்–பஸ்ஸேயில் வரும்.

அடுத்த 40 நிமிடம் பேச்சு, இரண்டிரண்டு பேராக. நோயாளிக்குக் கட்டாயம் இரண்டு வசனம் வரவேண்டும்: "ஆயே கியன்ன", திரும்பச் சொல்லுங்கள். "ஹெமின் கியன்ன", மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு தன் வருத்தத்தை மூன்று பேரிடம் மாறி மாறிச் சொல்வது. முதலாமவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் அதே கதை 3 நிமிடம், கடைசியில் 2. மொழிக் கல்வியாளர் போல் நேஷன் (Paul Nation) என்பவர் பரப்பிய இந்த 4-3-2 பயிற்சி சரளத்துக்கு நல்லது, ஆனால் 18ஆம் வாரத்துக்கு முன் 4 நிமிடம் பேச யாரிடமும் சரக்கு இருக்காது. அதுவரை 2-1½-1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளைக்குப் பின் 25 நிமிடம் வாசிப்பு. வெறும் மருந்து உறையே பாடம். இங்கேதான் இரண்டு மொழி முட்டிக்கொள்ளும்: வாயால் கலின் என்றவர்கள் உறையில் பெர என்று அச்சிட்டிருப்பார்கள், பஸ்ஸே என்பதற்குப் பஸு. எழுத்துச் சிங்களத்தைத் தனிப்பாடமாக எடுக்காமல் இப்படி எதிர்ப்படும் இடத்தில் சொல்லிக்கொடுத்தால் நிற்கும். கடைசிப் பத்து நிமிடம் எழுத்து. நம, வயஸ, லிபினய, தினய, அத்ஸன: பெயர், வயது, விலாசம், திகதி, கையொப்பம். எந்தப் படிவத்திலும் இந்த ஐந்தும் இருக்கும். அவற்றுக்கு எதிரே தன் விவரத்தைச் சிங்களத்தில் நிரப்பத் தெரிந்தால் இந்த வகுப்புக்குப் போதும், கட்டுரை எழுத வேண்டியதில்லை.

சின்னத் தெரிவுகள்

ஆசிரியர் தமிழரா சிங்களவரா? முதல் எட்டு வாரம் தமிழர் நல்லது. மட-வுக்கும் மட-வுக்கும் வித்தியாசம் ஏன் கேட்கவில்லை என்பது அவருக்குத்தான் விளங்கும். ஆனால் அவர் நாவிலேயே அடுப்புக் க பொலிஸ் க ஆகிறதா என்று சிங்களம் தாய்மொழியான ஒருவரைக் கொண்டு முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஆசிரியர் பிழையாகச் சொன்னால் 15 காதும் கெட்டுப்போகும். 9ஆம் வாரத்திலிருந்து வாரம் ஒரு புதுக் குரல், 20 நிமிடம் வந்து பேசிவிட்டுப் போகட்டும்.

மழை. தகரக் கூரையின் கீழ் கேட்டல் பயிற்சி நடக்காது. மஸ்கெலியா, அட்டன் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையும், பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பின்னும் வகுப்பு வைத்தால், மழைநாளுக்கென்று எழுத்து, வாசிப்பு வேலை எப்போதும் பையில் இருக்கட்டும். கைப்பேசி ஒலிபெருக்கியை நம்பாதீர்கள். ஆசிரியரைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்தால் குரலே போதும்.

இதே திட்டத்தை ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா? வேண்டாம். வசன ஒழுங்கு தலைகீழ், எழுத்தும் ஒலியும் ஒத்துப்போவதில்லை. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் எழுத்துத்தாளில். அங்கே வாசிப்பை முன்னுக்கு வைத்து, வாசித்ததைச் சத்தமாகக் கேட்கவைப்பதே மிச்சம் தரும்.

24ஆம் வாரம் சோதனை: கற்பவர் அறியாத ஒரு சிங்களக் குரல் கைப்பேசியில் 3 நிமிடம் பேசும், மருந்தோ பஸ் நேரமோ சொல்லும். கேட்டு முடித்ததும் ஐந்து விவரம் தமிழில் சொல்ல வேண்டும், நான்கு சரியானால் போதும். இடையில் "ஆயே கியன்ன" என்று எத்தனை தடவை கேட்டாலும் மதிப்பெண் குறையாது. விளங்காமலே "ஹரி, ஹரி" என்று தலையாட்டிக்கொண்டு போனவரைத்தான் மறுபடி புளியங்கொட்டைக்கு அனுப்ப வேண்டும்.